எம்ஜிபி கார் எஞ்சின் மறுகட்டமைப்பு: மேம்படுத்தலைத் தேர்ந்தெடுக்கும் முறை

எம்ஜிபி என்பது இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். கூரை திறந்த வகையும், 1965 முதல் ஜிடி எனப்பட்ட கூரை மூடிய வகையும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்பனையாயின. அவற்றில் கணிசமானவை இன்றும் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஐம்பது ஆண்டைக் கடந்த எஞ்சின் ஒருநாள் தேய்ந்துபோவது இயல்பு. அப்போது அதைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டியுள்ளது. எப்படியும் கழற்றத்தான் போகிறோம், கூடவே அதன் திறனையும் கூட்டிவிடலாமே என்ற எண்ணம் அந்த நேரத்தில்தான் எழுகிறது. எந்த மேம்படுத்தலைத் தேர்ந்தெடுப்பது, எதை விட்டுவிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இங்கு கூறப்படும் அடிப்படைகள் அக்காலத்துப் பிற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எஞ்சினின் அமைப்பு

எம்ஜிபியில் உள்ளது பி-சீரிஸ் எனப்படும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இதன் பிளாக், சிலிண்டர் ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. சிலிண்டரின் விட்டம் 80.26 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 88.9 மி.மீ.; மொத்தக் கொள்ளளவு 1798 சிசி. தொடக்க கால எஞ்சின் நிமிடத்துக்கு 5400 சுழற்சியில் 95 குதிரைத்திறன் தந்தது. இந்திய வாசகர்களுக்கு இந்த எஞ்சின் குடும்பம் புதியதன்று. அம்பாசடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதே பி-சீரிஸ் வகையைச் சேர்ந்ததுதான்.

1964 இறுதி வரை வந்த எம்ஜிபி எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டை மூன்று முதன்மைப் பேரிங்குகள் தாங்கின. அதன் பிறகு வந்தவற்றில் ஐந்து பேரிங்குகள் உள்ளன. தாங்கும் இடங்கள் கூடியதால் கிராங்க் ஷாஃப்ட் வளைவதும் அதிர்வதும் குறைந்தன. எனவே திறனைக் கூட்ட விரும்புவோர் முதலில் தம்மிடம் இருப்பது எந்த வகை என்று எஞ்சின் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கும் எண்கள் மூன்று பேரிங் எஞ்சின்களுக்கு உரியவை. 18ஜிபி முதலானவை ஐந்து பேரிங் கொண்டவை.

எல்லா எம்ஜிபிகளும் ஒரே திறன் கொண்டவை அல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக 1975 முதல் அங்கு அனுப்பப்பட்ட கார்களில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களுக்குப் பதிலாக ஒற்றை ஸெனித்-ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர் பொருத்தப்பட்டது. அவற்றின் திறன் 70 குதிரைத்திறனுக்கும் கீழே இறங்கியது. அத்தகைய காரைப் பழைய அமைப்புக்குத் திருப்புவதே பெரிய மேம்படுத்தலாக அமையும்.

முதலில் பழுதை அறிதல்

திறன் குறைந்த எஞ்சினுக்கும் தேய்ந்த எஞ்சினுக்கும் வேறுபாடு உண்டு. கார் மந்தமாக ஓடுகிறது என்பதற்காக உடனே எஞ்சினைப் பிரித்துவிடக் கூடாது. தீப்பொறி நேரம் தவறியிருந்தாலும், கார்புரேட்டர் தேய்ந்திருந்தாலும் கார் மந்தமாகத்தான் ஓடும். இவற்றைச் சரிசெய்ய எஞ்சினைத் திறக்கத் தேவையில்லை.

தேய்மானத்தைக் கண்டறியச் சில எளிய சோதனைகள் உள்ளன.

முதலாவது அமுக்கச் சோதனை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்ற வேண்டும். நான்கு சிலிண்டர்களின் அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் சிறிது எஞ்சின் ஆயிலை ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துள்ளன. உயராவிட்டால் வால்வுகளில் கசிவு இருக்கலாம்.

இரண்டாவது ஆயில் அழுத்தம். எஞ்சின் நன்கு சூடான பிறகு ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்கும் குறையாமல் இருப்பது நல்ல அறிகுறி. அதைவிட மிகவும் குறைந்தால் பேரிங்குகளோ ஆயில் பம்போ தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது புகை. ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து மீண்டும் அழுத்தும்போது நீலப் புகை வந்தால் வால்வு கைடுகளின் வழியாக ஆயில் இறங்குகிறது எனலாம். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் ஐயுற வேண்டும்.

இச்சோதனைகளின் முடிவுப்படி ஹெட்டை மட்டும் புதுப்பித்தால் போதுமா, முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டுமா என்பது தெளிவாகும்.

தேர்வுக்கான இரண்டு கேள்விகள்

மேம்படுத்தல்களின் பட்டியல் நீளமானது. அவற்றுள் எதைச் செய்வது என்று முடிவெடுக்க ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும்.

ஒன்று: இதை எஞ்சின் திறந்திருக்கும்போது மட்டுமே செய்ய முடியுமா, பிறகும் செய்யலாமா? பிஸ்டன், கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், ஃபிளைவீல் ஆகியவற்றில் கைவைக்க எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும். கார்புரேட்டர், புகைக்குழாய், தீப்பொறி அமைப்பு ஆகியவற்றை எந்த ஞாயிற்றுக்கிழமையும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே கையிலுள்ள பணம் முதலில் உள்ளே செல்ல வேண்டும். வெளிப்பாகங்கள் காத்திருக்கலாம். பளபளப்பான கார்புரேட்டர்களை முதலில் வாங்கிவிட்டு, பணம் போதாமல் பழைய பேரிங்குகளையே மீண்டும் பொருத்துவது வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

இரண்டு: இதைச் செய்தபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? கேம் ஷாஃப்ட் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றைப் பொருத்தலாம். சிலிண்டரைக் கடைந்து எடுத்த இரும்பு திரும்பி வராது. பழைய பிளாக்குகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதால் இந்தக் கேள்வி உரிமையாளர் ஒருவரின் பணத்தை மட்டும் சார்ந்ததன்று.

சிலிண்டரைப் பெரிதாக்குதல்

தேய்ந்த சிலிண்டர் முற்றிலும் வட்டமாக இருப்பதில்லை. அதை லேத் பட்டறையில் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் பொருத்துவது ரீபோர் எனப்படும். எம்ஜிபிக்கு 20, 30, 40, 60 என ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் கூடுதல் அளவுள்ள பிஸ்டன்கள் கிடைக்கின்றன. 60 அளவுக்குக் கடைந்தால் கொள்ளளவு சுமார் 1868 சிசி ஆகிறது. இன்னும் பெரிதாக 83.6 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்தால் சுமார் 1950 சிசி கிடைக்கும். திறன் விரும்பிகள் பலரும் நாடுவது இந்த அளவைத்தான்.

கணக்கிட்டுப் பார்த்தால் 1798-இலிருந்து 1868 சிசி என்பது ஏறத்தாழ 4 விழுக்காடு உயர்வு மட்டுமே. 1950 சிசி என்பது 8.5 விழுக்காடு. மற்றவை மாறாதபோது முறுக்குவிசையும் ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் உயரும். 4 விழுக்காட்டு உயர்வை ஓட்டுநர் உணர்வது கடினம்.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? ஒவ்வொரு ரீபோரும் சிலிண்டர் சுவரை மெல்லியதாக்குகிறது. 20 அளவில் சரியாகும் தேய்மானத்துக்கு நேரே 60-க்குப் போனால், இடையிலுள்ள இரண்டு மறுகட்டமைப்புகளை ஒரே நாளில் செலவழித்ததாகிவிடும். 83.6 மி.மீ. அளவுக்குப் போன பிளாக் அடுத்த முறை தேய்ந்தால் லைனர் அடித்துத்தான் மீட்க வேண்டும். மேலும் பழைய பிளாக்கில் நீர் ஓடும் பகுதி துருப்பிடித்துச் சுவர் ஏற்கனவே மெலிந்திருக்கலாம். எனவே கடைவதற்கு முன் ஒலியலைக் கருவியால் சுவரின் தடிப்பை அளப்பது இன்றியமையாதது. மெலிந்த சுவர் சூட்டில் நெளியும், ரிங்குகள் சரியாகப் படியாமல் ஆயில் எரியும், முடிவில் விரிசலும் விடலாம்.

தேய்மானத்தைச் சரிசெய்யத் தேவையான மிகச் சிறிய அளவுக்குக் கடைவதே பொதுவான விதி. பிளாக் ஏற்கனவே 40 அளவில் இருந்து, அடுத்த கட்டத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற நிலையில் 1950 சிசியைக் கருதுவதில் தவறில்லை.

அமுக்க விகிதம்

சிலிண்டருக்குள் வரும் காற்று-பெட்ரோல் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதே அமுக்க விகிதம். எம்ஜிபியின் வழக்கமான விகிதம் 8.8. சிலிண்டரைப் பெரிதாக்கி, எரிப்பறையின் கொள்ளளவை மாற்றாமல் விட்டால் இந்த விகிதம் தானாகவே உயரும். 1798 சிசியில் 8.8 ஆக இருப்பது 1950 சிசியில் சுமார் 9.5 ஆகிவிடும். தளத்தைச் சமப்படுத்த ஹெட்டைச் சீவினால் இன்னும் கூடும்.

ஓரளவு உயர்வு நல்லது. அதே பெட்ரோலில் கூடுதல் வேலை கிடைக்கும். அளவு மீறினால் தீப்பொறிக்குப் பின் கலவையின் ஒரு பகுதி தானே வெடித்து ‘நாக்கிங்’ ஏற்படும். தொடர்ந்து நாக்கிங் நேர்ந்தால் பிஸ்டனின் மேற்பரப்பு உடைந்துபோகும். இரும்பு ஹெட் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், சாலையில் ஓடும் எம்ஜிபிக்கு 9.5 அளவோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. புதிய பிஸ்டன்களின் மேற்பரப்புக் குழிவு பழையவற்றிலிருந்து வேறுபடலாம் என்பதால், எரிப்பறையையும் பிஸ்டன் குழிவையும் திரவம் ஊற்றி அளந்த பிறகே விகிதத்தைக் கணக்கிட வேண்டும்.

சிலிண்டர் ஹெட்

பி-சீரிஸ் எஞ்சினின் திறனுக்கு உண்மையான தடை அதன் மூச்சில் உள்ளது. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டே உள்வாயில்கள். ஒவ்வொன்றையும் இரண்டு சிலிண்டர்கள் பகிர்ந்துகொள்கின்றன. வெளிவாயில்கள் மூன்று; நடுவிலுள்ளது இரண்டு சிலிண்டர்களுக்குப் பொது. உள்ளே வருவதும் வெளியே போவதும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் நடக்கின்றன. இந்நிலையில் எவ்வளவு பெரிய கார்புரேட்டரைப் பொருத்தினாலும் குறுகிய வாசல் வழியாகத்தான் கலவை நுழைய வேண்டும்.

ஆகவே வாயில்களின் உட்பகுதியைச் சீராக்குவதும், வால்வும் அதன் இருக்கையும் சேரும் இடத்தைச் சரியான கோணங்களில் கடைவதும், பெரிய உள்வால்வுகளைப் பொருத்துவதும் செலவுக்கேற்ற பலனைத் தருகின்றன. இவை பிளாக்கின் ஆயுளைத் தொடுவதுமில்லை. வாயிலைப் பெரிதாக்குவதைவிட அதன் வடிவத்தைச் சரிசெய்வதே முக்கியம். அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் கலவையின் வேகம் குறைந்து தாழ்ந்த சுழற்சியில் இழுவை போய்விடும்.

ஹெட்டைப் புதுப்பிக்கும்போது கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வெளிவால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே மெல்லிய காப்பாகப் படிந்தது. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டது. காப்பில்லாத இரும்பு இருக்கை நீண்ட வேகப் பயணங்களில் மெல்ல அரிக்கப்படுகிறது. எனவே கடினமாக்கப்பட்ட உலோக வளையங்களை வெளிவால்வு இருக்கைகளாகப் பொருத்திவிடுவது நல்லது.

கேம் ஷாஃப்ட்

வால்வுகள் எப்போது திறந்து எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கேம் ஷாஃப்ட் முடிவு செய்கிறது. எம்ஜிபியின் அசல் கேமில் உள்வால்வு கிராங்க் ஷாஃப்ட்டின் 252 பாகைச் சுழற்சி அளவுக்குத் திறந்திருக்கும். இதை 270 பாகை அளவுக்கு நீட்டும் கேம்கள் சாலைப் பயன்பாட்டுக்கு ஏற்றவை. 300 பாகையை நெருங்குபவை பந்தயத்துக்கு உரியவை.

நீண்ட நேரம் திறந்திருந்தால் உயர்ந்த சுழற்சியில் சிலிண்டர் நன்கு நிரம்பும். ஆனால் தாழ்ந்த சுழற்சியில், உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் கூடுவதால் கலவை வீணாகும். எஞ்சின் நின்ற இடத்தில் தடுமாறும். நெரிசலான சாலையில் பந்தயக் கேம் பொருத்திய காரை ஓட்டுவது பெரும் தொல்லை. மேலும் 88.9 மி.மீ. என்ற நீண்ட நகர்வு கொண்ட இந்த எஞ்சின் மிக வேகமாகச் சுழல்வதற்கு ஏற்றதன்று. 5400 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16 மீட்டர். 6500 சுழற்சியில் 19 மீட்டரைத் தாண்டிவிடும். உயர்ந்த சுழற்சியில் மட்டும் திறன் தரும் கேம், எஞ்சினை அதன் வலுவற்ற பகுதியில் வேலை வாங்குகிறது.

புதிய கேமுடன் அதன்மீது உராயும் டாப்பெட்டுகளையும் புதிதாகவே பொருத்த வேண்டும். பழைய டாப்பெட் தேய்ந்த வடிவத்தில் இருப்பதால் புதிய கேமை விரைவில் தின்றுவிடும்.

சமநிலைப்படுத்தல்

விளம்பரங்களில் குறைவாகவும் பட்டறைகளில் அதிகமாகவும் மதிக்கப்படும் வேலை இது. பிஸ்டன்கள், கனெக்டிங் ராடுகள் ஆகியவற்றின் எடைகளை ஒன்றுக்கொன்று சமமாக்கி, கிராங்க் ஷாஃப்ட், ஃபிளைவீல், கிளட்ச் ஆகியவற்றைச் சேர்த்துச் சுழற்றிச் சமநிலைப்படுத்துவார்கள். சமநிலை தவறிய எடையால் உண்டாகும் விசை சுழற்சி வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் உயரும். 5400-இலிருந்து 6000 சுழற்சிக்குப் போனால் வேகம் 11 விழுக்காடுதான் கூடுகிறது. அந்த விசையோ 23 விழுக்காடு கூடுகிறது. சமநிலைப்படுத்தலால் குதிரைத்திறன் பெரிதாக உயராது. ஆனால் எஞ்சின் மென்மையாக ஓடும், பேரிங்குகள் நீண்ட நாள் உழைக்கும். எஞ்சின் பிரிந்திருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய முடியும் என்பதால் பட்டியலில் இதற்கு முன்னிடம் தர வேண்டும்.

வெளிப்பாகங்கள்

தொடக்க காலக் கார்களில் உள்ள இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள் சாலைப் பயன்பாட்டுக்குப் போதுமானவை. கேமும் ஹெட்டும் மாறினால் அவற்றின் ஊசிகளை மாற்ற வேண்டியிருக்கும். எந்த ஊசி பொருந்தும் என்பதைக் காரை உருளைகள் மீது ஓடவிட்டு அளக்கும் ரோலிங் ரோடு சோதனையில் கண்டறியலாம். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டுகளுக்குப் பதிலாக மின்னணுத் தொகுதியைப் பொருத்தினால் தீப்பொறி நேரம் நிலையாக இருக்கும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனின் வழக்கமான பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரிக்கும். ஆகவே எஞ்சினை மீண்டும் பொருத்தும்போது எரிபொருள் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும். கசிந்த பெட்ரோல் சூடான புகைக்குழாயில் சொட்டினால் கார் தீப்பற்றக்கூடும்.

காரின் மற்ற பாகங்கள் தாங்குமா?

எஞ்சின் தனியாக ஓடுவதில்லை. எம்ஜிபியின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளன. வேகம் இருமடங்கானால் நிறுத்தத் தேவையான ஆற்றல் நான்கு மடங்காகிறது. எனவே எஞ்சினுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பிரேக் குழாய்கள், பிரேக் ஆயில், பேடுகள், டயர்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்குவது கட்டாயம். ரேடியேட்டர் அடைபட்டிருந்தால் கூடுதல் திறனோடு வரும் கூடுதல் வெப்பத்தை அதனால் வெளியேற்ற முடியாது.

இந்தப் பாடத்தைத் தயாரிப்பாளரின் வரலாறே சொல்கிறது. 1967-இல் இதே உடலில் கனமான 2912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து எம்ஜிசி என்ற காரை வெளியிட்டனர். முன்பகுதி பாரமாகி, திருப்பங்களில் கார் மந்தமாக இருப்பதாகக் குறை எழுந்தது. 1969-இல் அதன் தயாரிப்பு நின்றது. பின்னர் 1973-இல் ரோவர் நிறுவனத்தின் 3528 சிசி அலுமினிய வி8 எஞ்சினை ஜிடி வகையில் பொருத்தினர். அது 137 குதிரைத்திறன் தந்தது; எடையில் நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினுக்கு ஏறத்தாழ இணையாக இருந்தது. அதோடு நிற்காமல் பிரேக்குகள், பின் அச்சின் பல்சக்கர விகிதம், குளிர்விப்பு ஆகியவற்றையும் மாற்றியமைத்தனர். 1976 வரை 2591 கார்கள் உருவாயின. இன்று வி8 எஞ்சினைத் தாமே பொருத்த விரும்புவோர் அந்த மாற்றங்களையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும்.

எஞ்சின் எண்ணும் சட்டமும்

காரோடு பிறந்த எஞ்சினே இன்றும் அதில் இருப்பது அதன் வரலாற்று மதிப்பைக் கூட்டுகிறது. தொழிற்சாலைப் பதிவுகளின் அடிப்படையில் காரின் அசல் எஞ்சின் எண்ணைக் குறிப்பிடும் சான்றிதழைப் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் வழங்குகிறது. அசல் பிளாக் கையில் இருந்தால், அதைத் துடைத்து எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்துவிட்டு, வேறொரு பி-சீரிஸ் பிளாக்கை வாங்கி அதில் பெரிய மாற்றங்களைச் செய்வது அறிவுடைய வழி.

பிரிட்டனில் எஞ்சினோ அதன் கொள்ளளவோ மாறினால் வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடமும் கூற வேண்டும். மறைத்தால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். 40 ஆண்டு கடந்த கார்களுக்கு அங்கு 2018 மே முதல் ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் காரில் கணிசமான மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதே அடிப்படை எஞ்சினின் கொள்ளளவு மட்டும் மாறுவது கணிசமான மாற்றமாகக் கருதப்படுவதில்லை.

பயன்பாட்டுக்கேற்ற தேர்வு

வார இறுதியில் மட்டும் ஓடும், அசல் நிலையில் காக்கப்பட வேண்டிய கார்: தேவையான சிறிய அளவு ரீபோர், அசல் கேம், கடின வால்வு இருக்கைகள், சமநிலைப்படுத்தல். இழந்த 95 குதிரைத்திறன் திரும்பி வருவதே பெரும்பாலான உரிமையாளர்களுக்கு வியப்பளிக்கும்.

நெடும்பயணங்களுக்குப் பயன்படும் கார்: மேற்கூறியவற்றோடு சீராக்கப்பட்ட ஹெட், 9.5 அளவில் அமுக்க விகிதம், 270 பாகை அளவிலான கேம், மின்னணுத் தீப்பொறி. பிளாக் இடம் கொடுத்தால் மட்டும் 1950 சிசி.

பந்தயத்துக்கு மட்டும் பயன்படும் கார்: அந்தப் போட்டிப் பிரிவின் விதிகள் முதலில், எஞ்சின் அதற்குப் பின். எம்ஜிபி 1963-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடி ஒட்டுமொத்தத்தில் 12-ஆம் இடத்தையும் தன் பிரிவில் முதலிடத்தையும் பெற்றது. அத்தகைய நீண்ட பந்தயங்களில் உச்சத் திறனைவிட முடிவு வரை உழைக்கும் தன்மையே பயன்பட்டது.

முதல் ஓட்டம்

புதிய கேம் பொருத்திய எஞ்சினை முதன்முறை இயக்கும்போது அதை நின்ற சுழற்சியில் விடக் கூடாது. சுமார் 20 நிமிடங்கள் 2000 சுழற்சிக்கு மேல் வைத்திருந்தால்தான் கேமுக்கும் டாப்பெட்டுகளுக்கும் போதிய ஆயில் தெறித்து அவை ஒன்றோடொன்று படியும். துத்தநாகச் சேர்மம் போதிய அளவுள்ள, பழைய கார்களுக்கென்று தயாரிக்கப்படும் ஆயிலைப் பயன்படுத்த வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் வால்வு இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். எந்த அளவுக்கு ரீபோர் செய்யப்பட்டது, கிராங்க் ஷாஃப்ட் எவ்வளவு கடையப்பட்டது, எந்தக் கேம் பொருத்தப்பட்டது ஆகிய விவரங்களை எழுதிக் காரின் ஆவணங்களோடு வைப்பது வழக்கம். அடுத்த முறை எஞ்சினைத் திறப்பவருக்கு, பிளாக்கில் இன்னும் எவ்வளவு இரும்பு மீதமுள்ளது என்பதைச் சொல்லும் பதிவு அதுதான்.